முள் சொன்ன பொய்

கடிகாரம் பொய் சொன்னால் ரயிலைத் தவறவிடுவோம், அவ்வளவுதான். மோட்டார் வண்டியின் டாக்கோமீட்டர் பொய் சொன்னால் குடும்பத்திலேயே சண்டை வரும். இதை இங்கிலாந்தில் ஒரு சினேகிதர் வீட்டில் கண்டேன்.

அவருடைய வண்டி 1960-களில் செய்தது. சென்ற வருஷம் பேரிங்குகள் தேய்ந்து, யந்திரத்தையே பிரிக்க நேர்ந்தது. மகன் முரட்டுத்தனமாக ஓட்டியதே காரணம் என்று ஏசினார். “5000 சுற்றைத் தாண்டவே இல்லை” என்று பையன் சொன்னதை அவர் நம்பவில்லை. பிறகு வேறொரு மீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: முள் 5000 காட்டும்போது யந்திரம் 6000 சுற்றிக்கொண்டிருந்தது!

முன்பெல்லாம் யந்திரத்திலிருந்து முள் வரைக்கும் ஒரு கம்பி வடம் சுழலும். வடம் அறுந்தால் முள் விழுந்துவிடும், விஷயம் தெரிந்துவிடும். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இருபது வருஷத்துக்குள் வடத்துக்கு வேலை போயிற்று. 1962-இல் வடத்தோடு வெளிவந்த எம்.ஜி.பி. வண்டிக்குக்கூட 1964-இல் மின்னணுக் கருவி வந்துவிட்டது.

நான்கு சிலிண்டர் யந்திரம் ஒரு முறை சுற்றினால் இரண்டு தீப்பொறி. ஒவ்வொரு பொறிக்கும் கருவி ஒரே அளவான மின்சாரத்தை முள்ளுக்கு அளந்து போடுகிறது. பொறிகள் நெருங்க நெருங்க முள் ஏறுகிறது. நெல் அளக்கும் படி மாதிரிதான். அந்தப் படியின் அளவை ஒரு கண்டென்சரும் ஒரு ரெஸிஸ்டரும் நிர்ணயிக்கின்றன. அறுபது வருஷத்தில் அவை மாறிப் படி சுருங்கிவிட்டது.

“உள்ளே புதுச் சில்லு வைத்துவிடலாமே?” என்றேன்.

“வைக்கலாம். அப்புறம் பழசு என்று மிஞ்சுவது முகப்பு மட்டும்தான்” என்றார்.

கெட்ட உறுப்புகளை மாற்றிப் பற்றவைத்தார். சரிபார்க்க வீட்டு மின்சாரமே உதவியது. அது விநாடிக்கு 50 அலை. அலையின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்பினால் 100 துடிப்பு, நிமிஷத்துக்கு 6000, அதாவது 3000 சுற்று. வோல்ட்டைக் குறைத்து, துடிப்புகளைப் பொறிபோலக் கூராக்கிக் கருவிக்கு ஊட்டினார். முள் 3000-இல் நிற்கும்வரை பின்புறத்துத் திருகைத் திருப்பினார். பிறகு ஒரு பாதி அலையை வெட்டினார். முள் இறங்கி 1500-இல் நின்றது.

சினேகிதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, மகனுக்குப் போன் செய்ய உள்ளே போனார்.