பாஸ்டெல் டி நாட்டா

பாஸ்டெல் டி நாட்டா என்பது போர்த்துகல் நாட்டின் முட்டைக் கஸ்டர்டு டார்ட். உள்ளங்கையில் அடங்கும் மொறுமொறுப்பான மாவு ஓடு, அதனுள் பாலும் சர்க்கரையும் மஞ்சள் கருவும் சேர்ந்த கஸ்டர்டு, அதன் மேல் அங்கங்கே கருகிய திட்டுகள்: இவையே இதன் இலக்கணம். கடும் சூட்டில் விரைவாக வெந்ததற்கு அந்தக் கருகலே அடையாளம். போர்த்துகலின் காப்பிக் கடைகளில் காலை முதல் இரவு வரை கிடைக்கும் அன்றாடத் தின்பண்டம் இது.

மடங்களில் வளர்ந்த இனிப்பு

போர்த்துகலின் மஞ்சள் கரு இனிப்புகள் கத்தோலிக்க மடங்களில் செழித்தவை. வெள்ளைக் கருவைத் துறவாடைகளுக்குக் கஞ்சி போடவும் திராட்சை மதுவைத் தெளிய வைக்கவும் பயன்படுத்தினார்கள் என்றும், மிஞ்சிய மஞ்சள் கரு இனிப்புகளாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மஞ்சள் கரு மட்டும் இருந்தால் போதாது, சர்க்கரையும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் மதேய்ரா தீவிலும், 16ஆம் நூற்றாண்டிலிருந்து பிரேசிலிலும் போர்த்துகீசியர் கரும்பு பயிரிட்டனர். அடிமைகளின் உழைப்பில் விளைந்த அந்தச் சர்க்கரை மடங்களின் சமையலறைகளை எட்டியது. அவெய்ரோ நகரத்தின் ஓவோஸ் மோலெஸ் போன்ற இனிப்புகளும் இதே மரபில் வந்தவை. போர்த்துகல் இளவரசி மரியாவுக்குரிய 16ஆம் நூற்றாண்டுச் சமையல் சுவடியில் பால் நிரப்பிய பாஸ்டெல் ஒன்றின் செய்முறை உள்ளது. இச்சுவடி இன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

பெலேம்

இன்றைய டார்ட்டின் வரலாறு லிஸ்பனின் பெலேம் பகுதியிலுள்ள ஜெரோனிமோஸ் மடத்தோடு பிணைந்தது. வாஸ்கோ ட காமா 1497இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய இடத்தருகே, அரசர் முதலாம் மானுவேல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மடத்தைக் கட்டத் தொடங்கினார். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் வந்த சரக்குகளின் மீதான வரி இதற்குச் செலவாயிற்று. அந்த நூற்றாண்டில் போர்த்துகீசியர் இலங்கையிலிருந்து கொண்டுபோன முதன்மையான சரக்கு, இந்த டார்ட்டின் மேல் இன்றும் தூவப்படும் பட்டைதான்.

1820இல் தொடங்கிய தாராளவாதப் புரட்சியின் விளைவாக, 1834இல் நாட்டின் ஆண் துறவியர் மடங்கள் மூடப்பட்டன. மடத்தைச் சார்ந்திருந்தவர்கள் பிழைப்புக்கு வழி தேடி, பக்கத்திலிருந்த சர்க்கரை ஆலையை ஒட்டிய கடையில் இந்த டார்ட்டை விற்கலாயினர். லிஸ்பனிலிருந்து நீராவிப் படகில் மடத்தையும் பெலேம் கோபுரத்தையும் காண வந்தவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். 1837இல் தொடங்கிய 'பாஸ்டெய்ஸ் டி பெலேம்' கடை இன்றும் அங்கேயே நடக்கிறது. மடத்திலிருந்து வந்த கலவையை ஒருசிலர் மட்டுமே அறிவர். மூடிய அறையில்தான் அதைத் தயாரிக்கிறார்கள். பெலேம் என்ற பெயர் அக்கடையின் டார்ட்டுக்கே உரியது. மற்ற கடைகளில் செய்வதெல்லாம் பாஸ்டெல் டி நாட்டா.

மக்காவு

போர்த்துகீசிய ஆட்சியில் இருந்த மக்காவுவில் 1989இல் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் கொலோவான் பகுதியில் 'லார்ட் ஸ்டோஸ்' பேக்கரியைத் தொடங்கினார். லிஸ்பனில் தாம் சுவைத்ததை ஆங்கிலேயக் கஸ்டர்டு முறையோடு இணைத்து அவர் உருவாக்கிய வகை, 1990களின் இறுதியில் ஹாங்காங், தைவான், சீனா எங்கும் பரவியது. ஹாங்காங்கின் 'தான் தாட்' என்னும் முட்டை டார்ட் இதிலிருந்து வேறுபட்டது. அதன் மேற்பரப்பு கருகாமல் வழவழப்பான மஞ்சளாக இருக்கும்.

வீட்டில் செய்யும் முறை

பெலேம் கடையின் கலவை மறைவாக இருந்தாலும், நல்ல டார்ட் வீட்டுக்கு எட்டாததல்ல. அதன் இயல்பைத் தீர்மானிப்பவை மெல்லிய ஓடும் மிகுந்த சூடும்தான். இவ்விரண்டையும் யாரும் பயின்று கைக்கொள்ளலாம்.

ஓட்டுக்கு, நம் பேக்கரி பப்ஸுக்குப் போல வெண்ணெய் வைத்து மடித்துத் தேய்த்த மாவு வேண்டும். தேய்த்த மாவைப் பாய்போல இறுக்கிச் சுருட்டிக் குளிரவைத்து, இரண்டு விரற்கடை அகலத் துண்டுகளாக வெட்ட வேண்டும். வெட்டுமுகம் மேலே இருக்குமாறு அச்சில் வைத்து, ஈரக் கட்டைவிரலால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தினால் அடுக்குகள் வட்டவட்டமாக விரியும். அடிப்பகுதி மெலிதாக இருந்தால்தான் மாவு வேகும்.

பன்னிரண்டு டார்ட்டுகளுக்கு 250 மி.லி. பால், 30 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 120 மி.லி. தண்ணீர், 6 மஞ்சள் கரு போதும். சர்க்கரையைத் தண்ணீரில் பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுப் பாகாகக் காய்ச்ச வேண்டும். மைதாவைச் சிறிது குளிர்ந்த பாலில் கரைத்து, மீதிப் பாலைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றிக் கெட்டியாகும் வரை கிளறி, வடிகட்டிய பாகை மெல்லச் சேர்க்க வேண்டும். கலவை வெதுவெதுப்பாக ஆறிய பிறகே மஞ்சள் கருவைக் கலக்க வேண்டும். மைதாவின் மாவுச்சத்து முட்டை திரிந்துபோகாமல் காப்பதால்தான் இக்கஸ்டர்டு கடும் சூட்டைத் தாங்குகிறது.

ஓட்டில் முக்கால் பங்கு மட்டும் கஸ்டர்டை ஊற்ற வேண்டும். பேக்கரி அடுப்புகளில் சூடு 300 டிகிரி செல்சியஸையும் தாண்டும். வீட்டு அடுப்பின் உச்சம் பெரும்பாலும் 250 டிகிரி என்பதால், கனமான தட்டை மேலடுக்கில் வைத்து அரைமணி நேரமாவது சூடேற்றி, அச்சுகளை அதன் மேல் வைக்க வேண்டும். 12 முதல் 17 நிமிடத்தில் விளிம்பு பொன்னிறமாகி, கஸ்டர்டு கொப்பளித்துக் கருகத் தொடங்கும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால் வெண்ணெய் வழிந்து ஓடு தொய்யும், கஸ்டர்டும் இறுகிவிடும்.

சற்று ஆறியதும் பட்டைத்தூளும் பொடித்த சர்க்கரையும் தூவி, வெதுவெதுப்பாகவே பரிமாற வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் ஓடு நமத்துப்போகும் என்பதால், சுட்ட அன்றே உண்டுவிடுவது நல்லது. மறுநாளைக்கு வேண்டுமென்றால் சுடாத ஓடுகளை உறையவைத்து, தேவைப்படும்போது கஸ்டர்டு ஊற்றிச் சுட்டுக்கொள்ளலாம்.