வெள்ளி

சூரியனிலிருந்து இரண்டாவதாக அமைந்த கோள் வெள்ளி. புதனுக்கும் புவிக்கும் நடுவே, சூரியனிலிருந்து சராசரியாக 10.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றிவருகிறது. வானில் சூரியனுக்கும் நிலவுக்கும் அடுத்தபடியாகப் பளிச்சென்று தெரிவது இதுவே. விடியலுக்கு முன் கிழக்கே தெரியும்போது விடிவெள்ளி என்கிறோம். சில மாதங்கள் கழித்து மேற்கே அந்தியில் ஒளிர்வதும் இதே கோள்தான். பஞ்சாங்கத்தில் இதன் பெயர் சுக்கிரன். வெள்ளி தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்ற பழைய நம்பிக்கையைப் பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே காணலாம்.

தமிழ்நாட்டில் எந்த நள்ளிரவிலும் வெள்ளியைப் பார்க்க முடியாது. புவியின் பாதைக்கு உள்ளே சுற்றுவதால், நம் பார்வைக்கு அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் போல ஆனால் அதுவும் மறைந்துவிடும். தொலைநோக்கியில் பார்த்தால் நிலவைப் போலவே வெள்ளிக்கும் பிறை உண்டு. கலிலியோ 1610-இல் இதைக் கவனிக்கத் தொடங்கினார். பிறையாக இருக்கும்போது வெள்ளி பெரிதாகவும், ஏறக்குறைய முழு வட்டமாக இருக்கும்போது சிறிதாகவும் தெரிந்தது. சூரியனைச் சுற்றி வந்தால்தான் அப்படித் தெரிய முடியும். எல்லாமே புவியைச் சுற்றுகின்றன என்ற கொள்கைக்கு இது பெரிய அடியாயிற்று.

வெள்ளியின் விட்டம் 12,104 கிலோமீட்டர், புவியைவிடச் சற்றே குறைவு. நிறையும் புவியின் நிறையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் மேல். இதனால் இரண்டையும் இரட்டையர் என்பதுண்டு. ஆனால் ஒற்றுமை அளவோடு சரி. வெள்ளியின் காற்றில் 96 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. தரையில் காற்றழுத்தம் இங்குள்ளதைப் போல 90 மடங்குக்கும் அதிகம். கந்தக அமிலத் துளிகளாலான மேகம் கோள் முழுவதையும் மூடியிருக்கிறது. மேகம் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் அத்தனை பளபளப்பு. உள்ளே புகும் கொஞ்ச ஒளி தரையைச் சூடாக்க, அந்த வெப்பத்தைக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற விடுவதில்லை. விளைவு, ஏறத்தாழ 465 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகும் சூடு இது. சூரியனுக்கு இன்னும் அருகிலுள்ள புதனைவிட வெள்ளிதான் வெப்பமான கோள்.

தரையில் இறங்கிய கருவிகளும் நெடுநேரம் தாங்கவில்லை. சோவியத் நாட்டின் வெனேரா 7 அங்கிருந்து 1970-இல் முதன்முதலாகத் தகவல் அனுப்பியது. 1982-இல் இறங்கிய வெனேரா 13 வண்ணப்படங்களை அனுப்பி, 127 நிமிடங்கள் இயங்கியது. மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்டு, அமெரிக்காவின் மெகல்லன் விண்கலம் 1990-களில் கோளின் தரையை ஏறக்குறைய முழுவதுமாக வரைபடமாக்கியது.

வெள்ளி மற்றக் கோள்கள் பலவற்றுக்கு எதிர்த்திசையில், மிக மெதுவாகத் தன்னைத்தானே சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 243 புவி நாள்; சூரியனை ஒருமுறை சுற்ற 225 நாள்தான். இரண்டு இயக்கங்களும் சேர்வதால், அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே 117 நாள். சூரியன் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும். வெள்ளிக்குத் துணைக்கோள் இல்லை.

அரிதாக, வெள்ளி சூரியனுக்கும் புவிக்கும் நேர் நடுவே வந்து, சூரிய வட்டின் மேல் கரும்புள்ளியாக நகரும். இதுவே சூரியக் கடப்பு. தொலைவான இரு ஊர்களிலிருந்து பார்த்தால் புள்ளியின் பாதை சற்று விலகித் தெரியும். அந்த விலகலிலிருந்து சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். இதற்காகவே 1761-இல் பல நாட்டு அறிஞர்கள் உலகெங்கும் பயணப்பட்டனர். பிரான்சின் லெ ஜெந்தீல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல், கடப்பு நாளன்று நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளவெடுக்க வழியில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, புதுச்சேரியில் ஆய்வகம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மறைத்துவிட்டது. ஆனாலும் அங்கே தமிழர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று எழுதி வைத்தார். 1874 கடப்பின்போது சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை உரையாடல் வடிவில் எழுதினார்.

எட்டு ஆண்டு இடைவெளிக்குக் காரணம் எளிய கணக்கு. வானில் வெள்ளி ஒரே வகை நிலைக்குத் திரும்ப 584 நாள் ஆகும். ஐந்து திருப்பங்கள் 2,920 நாள். எட்டு ஆண்டும் ஏறத்தாழ அதுவே. கடப்புகள் 2004, 2012 என இணையாக வந்தது இதனால்தான். அடுத்தது 2117 டிசம்பரில். ஆனால் இந்தக் கணக்கைச் சரிபார்க்க அதுவரை காத்திருக்க வேண்டாம். வெள்ளி அந்தியில் தெரியும் மாதங்களில், சூரியன் முழுதும் மறைந்தபின் மேற்கே அதைத் தேடுங்கள். எந்த மரத்துக்கு, எந்தக் கூரைக்கு மேல் நிற்கிறது என்று தேதியோடும் நேரத்தோடும் குறித்துவையுங்கள். எட்டு ஆண்டு கழித்து அதே தேதியில், அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று பாருங்கள். வெள்ளி ஏறத்தாழ அங்கேயே இருக்கும்.