மலைநாட்டு நல்லெண்ணெயும் நரம்பின் ஆட்சியும்

கை நீட்டலும் கால் பெயர்த்தலும் எளிய செயல்கள் எனவே தோன்றும். ஆயின், அவை நிகழுமாறு யாதென்பது அவை தடைப்பட்டவிடத்தேதான் தெளிவுறப் புலனாகின்றது. அத்தகைய தடையொன்று 1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நேர்ந்தது. 20க்குக் குறையாத தமிழ்ச் சிறுமியர் கால் வலுவிழந்து நடை தளர்ந்தனர், கைகளும் சோர்ந்தன.

கண்டியை அடுத்த பேராதனையில் 1962இல் தொடங்கப்பெற்ற மருத்துவபீடத்தைச் சார்ந்த நிமல் சேனநாயக்க இந்நோயை ஆராய்ந்தார். நோயுற்றோர் பூப்பெய்திய பருவத்தினர். பூப்பெய்திய மகளுக்கு உடலுரம் வேண்டி நல்லெண்ணெய் ஊட்டுதல் வழிவழி வந்த வழக்கம். அவ்வெண்ணெயிலே டிரைக்கிரெசைல் பொஸ்பேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தது. முன்னர்க் கனிய எண்ணெய் அடைத்திருந்த கொள்கலங்களில் அதனை ஏற்றி வந்தமையாற் கலப்பு நேர்ந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. இம்முடிபுகளைச் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் இலண்டன் மருத்துவ இதழான லான்செற்றில் வெளியிட்டனர்.

நஞ்சு கால்களை முதலிற் பற்றுவது ஏன்? அசைவுக்குரிய ஏவல் மூளையின் புறணியிற் பிறந்து, முகுளத்தே பெரும்பாலும் மறுபக்கம் கடந்து, முண்ணாண் வழியே இறங்குகின்றது. ஆண்டுள்ள நரம்புக்கலம் அவ்வேவலை ஏற்றுத் தன் நாரின் வழியே தசைக்குச் செலுத்துகின்றது. பாதத்துத் தசைகளை அடையும் நார் ஏறத்தாழ 1 மீற்றர் நீளமுடையது. நாரைப் பேணும் பொருள்கள் பெரும்பாலும் கலத்திலிருந்தே செல்லவேண்டுதலின், இந்நஞ்சு தாக்குங்கால் நெடிய நாரின் கடைமுனையே முதலில் அழிகின்றது. ஆதலாற் பாதம் முன்னும் கை பின்னுமாகத் தளர்கின்றன. புறநரம்பு மெல்ல மீண்டும் வளரும். முண்ணாணின் நார் அவ்வாறு வளர்வதில்லை. எனவே, தளர்ச்சி குறையுங்கால் மறைந்திருந்த விறைப்பு வெளிப்படுதலும் உண்டு.

இந்நஞ்சின் கொடுமையை உலகம் முன்னரும் கண்டிருந்தது. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாரத்தாலும், 1959இல் மொறோக்கோவிற் சமையலெண்ணெயாலும் ஆயிரக்கணக்கானோர் கால் முடங்கினர்.

இதற்கு இனமான பூச்சிகொல்லிகளை உட்கொண்ட 10 நோயாளரைப் பற்றிச் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தையும் 1987இல் எழுதினர். அவர்களுக்கு 24 முதல் 96 மணித்தியாலத்துள் கழுத்தும், தோள் இடுப்பு ஆகியவற்றை அடுத்த தசைகளும், மூச்சுத் தசைகளும் சோர்ந்தன. உடலின் நடுவை அண்டிய தசைகளைப் பற்றும் இந்நிலை, இன்று உலகெங்கும் இடைநிலைக் கூட்டறிகுறி என அறியப்படுகின்றது.

தாய் அன்போடு ஊட்டிய எண்ணெயே மகளின் நடையைக் கவர்ந்தது. வழக்கத்திற் பழுதில்லை. உணவேற்றும் கொள்கலம் உணவுக்கே உரியதாதல் வேண்டும் என்பதே அச்சிறுமியரின் தளர்ந்த கால்கள் உணர்த்திய பாடமாகும்.