கடிதம் ஏற்றிய கப்பலில் பன்னிரண்டு நாள்



"நோர்வேக்குப் போய் வந்தீர்கள், ஒன்றும் எழுதவில்லையே ரீச்சர்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். படங்களை மகள் முன்னமே போட்டுவிட்டாள். நான் கொஞ்சம் சரித்திரம் எழுதுகிறேன். வகுப்பில் இருந்த மாதிரிப் பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற ஜூன் மாதம் நானும் இவரும் பேர்கன் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். வடக்கே, ரஷ்ய எல்லைக்கு அருகில் உள்ள கிர்கெனெஸ் வரை போய்த் திரும்பிவரப் பன்னிரண்டு நாட்கள். வழியில் 34 துறைகள். உல்லாசப் பயணிகள் நிறையப் பேர் வந்தாலும் இது ஊர்ச்சனங்களின் கப்பலுந்தான். ஒரு துறையில் சாமான் பெட்டிகள் இறங்கும். இன்னொன்றில் ஒரு கிழவி பையோடு ஏறி அடுத்த ஊரில் இறங்கிப் போவாள். சில இடங்களில் கால் மணித்தியாலந்தான் நிற்கும். இவர் இரவு இரண்டு மணியென்றாலும் எழுந்து மேல்தட்டுக்குப் போய்விடுவார். இரவு என்று சொல்வதும் பிழை. வடதுருவ வட்டத்தைத் தாண்டிய பிறகு அந்த மாதத்தில் சூரியன் மறைவதே இல்லை.

இந்தச் சேவைக்கு ஹுர்ட்டிக்ரூட்டன் என்று பெயர். விரைவுப் பாதை என்பது பொருள். இது தொடங்குவதற்கு முன், துரொண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்பெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரமும் பனிக்காலத்தில் ஐந்து மாதமும் எடுத்ததாம். பாறைகளும் தீவுகளும் நிறைந்த கரை. துரொண்ட்ஹைமுக்கு வடக்கே இருந்தவை 28 வெளிச்சவீடுகள்தான். கடல் வரைபடமோ இரண்டே இரண்டு. பனிக்காலத்து இருட்டில் இந்த வழியால் கப்பல் ஓட்டவே முடியாது என்று பெரிய கம்பனிகள் கைவிரித்துவிட்டன.

ரிச்சர்ட் வித் என்ற கப்டன் முடியும் என்றார். அவரும் அவருடைய மாலுமி அன்டர்ஸ் ஹோல்டவும் திசையையும் வேகத்தையும் நேரத்தையும் கொப்பியில் குறித்துக்கொண்டே பல காலம் ஓடியவர்கள். திசைகாட்டியும் மணிக்கூடும் அந்தக் கொப்பியும் இருந்தால் இருட்டிலும் போகலாம் என்பது அவர்களின் கணக்கு. அரசாங்கம் நான்கு வருட ஒப்பந்தம் கொடுத்தது. 1893 ஜூலை 2 ஆம் திகதி 'வெஸ்தரோலன்' என்ற நீராவிக் கப்பல் துரொண்ட்ஹைமிலிருந்து புறப்பட்டு 67 மணித்தியாலத்தில் ஹம்மர்பெஸ்டை அடைந்தது. அரை மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டது! மாதக்கணக்கில் காத்திருந்த கடிதம் ஏழு நாளில் கைக்கு வந்தது.

இதைக் கப்பலில் வாசித்தபோது எனக்கு நெடுந்தீவு ஞாபகம் வந்தது. பயிற்சிக் கலாசாலை முடித்து முதல் நியமனம் அங்கேதான். குறிகட்டுவானிலிருந்து படகு. தபால் மூட்டையும் அதில்தான் வரும். ஒரு மார்கழி மாதம் கடல் குமுறி நான்கு நாள் படகு ஓடவில்லை. ஐந்தாம் நாள் எனக்கு இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்றில் "ஐயாவுக்குச் சுகமில்லை, உடனே வா" என்று இருந்தது. மற்றதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்தது. எதை முதலில் உடைத்தேன் என்று இவரிடங்கூட நான் சொன்னதில்லை. இரண்டாவதைத்தான்.

ஆகவே பிள்ளைகளே, அந்தக் கப்டனின் கொப்பி எனக்கு வெறும் சரித்திரம் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிறவனுக்குக் கடிதம் நேரத்துக்கு வந்தால்தான் அவனும் நாட்டில் ஒருவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்தோ ஆறோ நாளில் ஹொன்னிங்ஸ்வோக் என்ற ஊரில் கப்பல் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. சிவப்பு, மஞ்சள், நீல நிறங்களில் வீடுகள். ஒன்றுகூடப் பழைய வீடு இல்லையே என்று இவர்தான் முதலில் கவனித்தார். காரணம் இருக்கிறது. 1944 இல் சோவியத் படை முன்னேறியபோது, பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க் மாவட்டத்தின் பெரும்பகுதியை எரித்துக்கொண்டே போனது. ஏறக்குறைய 50,000 பேர் பலவந்தமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். வேறு பல ஆயிரம் பேர் குகைகளிலும் குடில்களிலும் ஒளிந்து பனிக்காலத்தைக் கடத்தினார்கள். ஹொன்னிங்ஸ்வோக்கில் மிஞ்சிய ஒரே கட்டிடம் 1885 இல் கட்டிய தேவாலயம். யுத்தம் முடிந்ததும், இப்போது வரவேண்டாம் என்று அரசாங்கம் சொல்லியும் சனம் திரும்பிவந்தது. முதலில் வந்தவர்கள் அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள்.

வெள்ளை மரத்தால் கட்டிய சிறிய கோயில். இவர் உள்ளே போய் ஒரு வாங்கில் இருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இதிலதான் படுத்திருப்பினமோ?"

1995 ஒக்டோபர் 30 இரவு நாங்கள் நடந்த நடையும், தென்மராட்சிப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. நான் பதில் சொல்லவில்லை. பிறகு அவரே சொன்னார்: "பார், திரும்பி வந்து வீடு கட்டியிருக்கினம்."

அதே பின்மார்க்கில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் மீன் தொழிற்சாலைகளில் குளிருக்குள் நின்று உழைத்து, ஊருக்குக் காசு அனுப்பினார்கள். எரிந்துபோன ஊரைக் கட்டியெழுப்பியவர்களின் பிள்ளைகளோடு, எரிந்துபோன ஊரிலிருந்து வந்தவர்கள் ஒன்றாக வேலைசெய்திருக்கிறார்கள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிப்பித்ததில்லை.

அங்கே வேலைசெய்த என் மாணவர்கள் யாராவது இதை வாசித்தால், முதல் பனிக்காலம் எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் மறந்துபோகும். எழுதினால் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்