அப்பா சேர்த்த விசிடி, டிவிடிகளை கப்பலுக்கு எடுத்துச் செல்ல முடியுமா? டிஜிட்டல் ஆக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் பகுதியில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஷோகேஸின் கீழ்த்தட்டில் அப்பா வருஷக்கணக்காகச் சேர்த்த விசிடி, டிவிடி ஒரு நூறு இருக்கும். டிவிடி பிளேயர் ரிப்பேராகி ரொம்ப நாளாச்சு. உங்கள் புது லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. உங்களுக்கோ வேலை சரக்குக் கப்பலில். இன்னும் இரண்டு மாதத்தில் ஏற வேண்டும். பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் கடல்தான்.

அந்த நூறு டிஸ்க்கையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிரைவில் போட்டு எடுத்துச் செல்ல முடியுமா? முடியும். அதற்குத் தேவையான மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசம். ஆனால், எந்த டிஸ்க்கை முதலில் எடுப்பது, எதைச் சட்டம் அனுமதிக்கிறது, கப்பலில் எதில் செருகக் கூடாது என்ற மூன்று விஷயங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கப்பலில்தான் இன்டர்நெட் வந்துவிட்டதே?

வந்துவிட்டது, உண்மைதான். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-ல் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்தன. இயன்ற அளவுக்குக் கப்பல் ஊழியர்களுக்கு இணைய வசதி தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆனால், நடுக்கடலில் கிடைக்கும் டேட்டாவுக்குப் பெரும்பாலும் அளவு உண்டு. இருக்கிற கொஞ்ச டேட்டாவில் வீட்டுக்கு வீடியோ கால் பேசுவீர்களா, படம் பார்ப்பீர்களா?

"ஓடிடியில் டவுன்லோடு பண்ணி வச்சுக்கலாமே" என்று தோன்றும். அந்த டவுன்லோடுக்குக் காலாவதி தேதி இருக்கிறது. பல செயலிகள் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை இணையத்தில் இணைந்து உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லும். கப்பல் வேறு நாட்டுத் துறைமுகத்தில் நிற்கும்போது அந்தப் படம் அங்கே கிடைக்காமலும் போகலாம்.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். கப்பலில் சினிமா என்பது சலுகை அல்ல, நலவாழ்வின் பகுதி என்றே அதே உடன்படிக்கை கருதுகிறது. பயணக் காலம் முழுவதற்கும் போதுமான படங்கள் கையிருப்பில் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால், அந்தக் கையிருப்பில் தமிழ்ப் படம் இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

கப்பல் வேலைக்குப் போகாதவர்களுக்கும் இது பயன்படும். மாரிகுப்பத்தில் ரயில் ஏறி தினமும் பெங்களூரு போய் வருபவர்களுக்குச் சிக்னல் விட்டு விட்டு வருவது புதிதல்ல.

டிஸ்க் அப்படியே இருக்குமே, என்ன அவசரம்?

இருக்காது. கடையில் விற்ற படத்தின் டிஸ்க், தொழிற்சாலையில் அச்சில் வார்க்கப்பட்டது. உங்கள் அக்கா கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் கொடுத்த டிஸ்க் அப்படியல்ல. அது கம்ப்யூட்டரில் எழுதப்பட்டது. அதில் தகவல் பதிவாகியிருப்பது ஒரு சாய அடுக்கில். வெயில், சூடு, ஈரம் பட்டால் அந்தச் சாயம் மங்கும். பார்க்க டிஸ்க் பளபளவென்று இருக்கும், பிளேயரில் போட்டால் ஓடாது.

விசிடியில் இன்னொரு ஆபத்து. நாம் எல்லோரும் கீழ்ப்பக்கத்துக் கீறலைத்தான் பார்ப்போம். ஆனால், விசிடியின் உலோகப் பூச்சு இருப்பது பெயர் எழுதும் மேல்பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்குக் கீழே. அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ தகவலே போய்விடும். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு அதிகம்.

மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்றால், விற்பவர்களும் குறைந்துவிட்டார்கள். 2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, திருட்டு டிஸ்க் வாங்கியவர்கள்கூட ஒரிஜினல் பக்கம் வந்தார்கள். அதே நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

எதை முதலில் எடுப்பது?

டிஸ்க்குகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல்: கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா. இவை உலகத்தில் வேறெங்கும் இல்லை.

இரண்டாவது: எந்த ஓடிடியிலும், யூடியூபிலும் கிடைக்காத படங்கள். உங்களிடம் இருக்கும் பதிப்பில் மட்டும் உள்ள நீளமான வடிவம், சப்டைட்டில், பேட்டிகள் இருந்தால் அதுவும் இதில் சேரும்.

மூன்றாவது: தேடினால் கிடைக்கும் படங்கள். இவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கப்பலுக்குப் படம் வேண்டும் என்ற அவசரத்தில் பலர் மூன்றாவது குவியலில் தொடங்கிவிடுகிறார்கள். கேஜிஎஃப்பில் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28-ல். விசிடி வீட்டுக்கு வீடு வந்ததும் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான். அப்போது எடுத்த கல்யாண வீடியோவில் மணமக்கள் மட்டுமா இருப்பார்கள்? பின்னால் லைன் வீடுகளும், சுரங்க வேலையில் இருந்த தாத்தாவும், பிறகு பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரரும் இருப்பார்கள். 'கேஜிஎஃப்' படத்தையும் 'தங்கலான்' படத்தையும் தேடினால் எடுத்துவிடலாம். அந்த டிஸ்க் போனால் போனதுதான்.

என்னென்ன தேவை?

யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்று. ப்ளூ-ரே டிஸ்க்கும் இருந்தால் அதைப் படிக்கும் டிரைவ் தனியாக வேண்டும். சேமிக்க ஒரு எஸ்எஸ்டி அல்லது ஹார்டு டிஸ்க்.

முதலில் டிஸ்க்கைத் துடையுங்கள். கேஜிஎஃப்பில் சயனைடு மேட்டிலிருந்து பறந்து வரும் தூள், அரைத்த பாறையின் பொடி. உலர்ந்த துணியால் தேய்த்தால் அதுவே கீறிவிடும். தண்ணீரில் லேசாக அலசி, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்காதீர்கள்.

விசிடியை எப்படி மாற்றுவது?

விசிடியைத் திறந்தால் உள்ளே 'டேட்' என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும். அதுதான் படம். அதை அப்படியே காப்பி செய்யலாம். விஎல்சி பிளேயரில் நேரடியாக ஓடும். காப்பி ஆகும்போது பாதியில் பிழை காட்டினால், விஎல்சியில் உள்ள 'கன்வர்ட்' வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். ஒரு விசிடியில் சுமார் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும். அதனால்தான் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு, மூன்று டிஸ்க்கில் வந்தது. பாகங்களுக்கு 1, 2, 3 என்று வரிசையாகப் பெயர் வையுங்கள்.

டிவிடியை எப்படி மாற்றுவது?

ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடியில் பொதுவாகப் பூட்டு இருக்காது. 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்தாலே போதும். இந்த மூலக் காப்பியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து எம்பி4 ஆக மாற்றலாம்.

ஹேண்ட்பிரேக்கில் கவனிக்க வேண்டியவை மூன்று. வீடியோ வகையில் எச்.264-ஐத் தேர்ந்தெடுங்கள், பழைய டிவியிலும் ஓடும். தர அளவான 'ஆர்எஃப்' டிவிடிக்கு 18 முதல் 22-க்குள் இருந்தால் நல்லது. எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். படத்தில் அசைவு வரும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் 'டீஇன்டர்லேஸ்' வசதியை ஆன் செய்யுங்கள்.

இப்படி மாற்றினால் 4 முதல் 7 ஜிபி இருந்த படம் பெரும்பாலும் ஒன்று, இரண்டு ஜிபிக்குள் வந்துவிடும். நூறு படம் 256 ஜிபி டிரைவிலேயே அடங்கிவிடும்.

4கே ஆக்கினால் தெளிவு கூடுமா?

கூடாது. விசிடியின் ஒரு காட்சியில் இருப்பது சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் 4.1 லட்சம், ஃபுல் எச்டியில் 20.7 லட்சம். இல்லாத விவரத்தை மாற்றத்தால் கொண்டுவர முடியாது. ஃபைல்தான் பெருக்கும். ஒரே டிவிடியில் ஐந்து படம் அடைத்து ரோட்டோரம் விற்ற டிஸ்க்குகள் ஏற்கெனவே நசுக்கப்பட்டவை. அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் வீட்டு வீடியோவை நீங்கள் காப்பி எடுப்பதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய படத்தின் டிஸ்க்குதான் யோசிக்க வேண்டியது.

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால், கடையில் விற்ற பல டிவிடிகளிலும் ப்ளூ-ரேயிலும் காப்பி எடுக்காமலிருக்க டிஜிட்டல் பூட்டு உண்டு. 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் அந்தப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது. 'மீறும் நோக்கத்துடன்' என்பதுதான் இதில் முக்கியமான சொல். சொந்த டிஸ்க்கை சொந்தமாகப் பார்க்க மாற்றுபவருக்கு இது சாதகம் என்று வாதிடலாம். ஆனால், 'தாராளமாகச் செய்யலாம்' என்று வெளிப்படையாக எழுதிய வரி சட்டத்தில் இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் பூட்டை உடைப்பதற்கான விதி இன்னும் கடுமையானது.

எது நிச்சயம் தவறு என்பதில் குழப்பமே இல்லை. காப்பியை டெலிகிராமில் ஏற்றுவது, நண்பர்களுக்குப் பகிர்வது, காப்பி எடுத்துக்கொண்டு டிஸ்க்கை விற்பது எதையும் செய்யாதீர்கள். தெரிந்தே காப்புரிமையை மீறினால் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். கேபினில் தனியாகப் பார்ப்பது வேறு, மெஸ் ரூம் டிவியில் எல்லோருக்கும் போடுவது வேறு. இரண்டாவதற்குத் தனி உரிமம் தேவைப்படலாம் என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலுக்கு எடுத்துச் செல்லும்போது

எஸ்எஸ்டி நல்லது. உள்ளே சுழலும் பாகம் இல்லாததால், அலையின் ஆட்டமும் இன்ஜின் அதிர்வும் அதைப் பெரிதாகப் பாதிக்காது.

டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரு ஃபைல் ஏறாது. ஆனால், சில பழைய டிவிக்களுக்கு ஃபேட்32 மட்டுமே புரியும். எனவே 4 ஜிபிக்குக் குறைவான படங்களுடன் ஒரு சின்ன பென் டிரைவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமானது இதுதான்: உங்கள் டிரைவைக் கப்பலின் வேலைக் கணினிகளில் ஒருபோதும் செருகாதீர்கள். வழிகாட்டும் மின்னணு வரைபடக் கருவிக்கு வைரஸ் போய்ச் சேர ஒரு பென் டிரைவ் போதும். சைபர் ஆபத்தையும் கப்பலின் பாதுகாப்பு மேலாண்மையில் சேர்க்க வேண்டும் என்பது 2021 முதல் சர்வதேச கடல்சார் அமைப்பின் எதிர்பார்ப்பு. சொந்த லேப்டாப், டேப்லெட், போன் இவற்றில் மட்டும் பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு டிஸ்க்குக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும் நூறு டிஸ்க்குக்கு 50 மணி நேரம். கடைசி வாரத்தில் உட்கார்ந்தால் நடக்காது. லீவில் வந்த முதல் வாரமே தொடங்கி, நாளுக்கு இரண்டு டிஸ்க் என்று போனால் 50 நாளில் முடியும். டிஸ்க்கைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

முடித்ததும் இரண்டு காப்பி வையுங்கள். ஒன்று உங்களோடு கடலுக்கு. மற்றொன்று வீட்டில், அம்மா அப்பாவின் டிவியில் செருகிப் பார்க்கிற மாதிரி. குடும்ப வீடியோக்களுக்கு மட்டும் மூன்றாவது காப்பி ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ, கிளவுடிலோ வைக்கலாம்.

டிஸ்க்குகளை உடனே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஃபைலும் கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். படத்தை வாங்கியதற்கு உங்கள் கையில் இருக்கும் அத்தாட்சியும் அந்த டிஸ்க்தான். உறையில் போட்டு, நிமிர்த்தி வைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

இன்று ராத்திரி ஒரே ஒரு டிஸ்க்கிலிருந்து தொடங்கலாம். அது சினிமா டிஸ்க்காக இல்லாமல், முதல் குவியலில் உள்ளதாக இருக்கட்டும்.