நாற்பது நிமிடத்தில் அடங்காத இசை

1979 டிசம்பரில் 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்' வெளிவந்தபோது, அதன் இசையை வீட்டில் கேட்க விரும்பியவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 40 நிமிடங்கள் ஓடும் ஒரே ஓர் இசைத்தட்டு. 1999இல் அதே இசை 65 நிமிடமாக விரிந்தது. 2012இல் 3 குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பாயிற்று. அதற்குள் இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் மறைந்து 8 ஆண்டுகள் கடந்திருந்தன. புதிதாக ஒரு சுரமும் எழுதப்படவில்லை. எனில் இந்த இசை வளர்ந்தது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடிப் போனால், பதிப்பு என்பது என்ன, முழுமை என்பது யாருடையது என்ற பழைய சிக்கல்களில் சென்று முடிகிறோம். இலக்கியம் பயின்றவர்களுக்கு இவை அந்நியமான சிக்கல்கள் அல்ல.

முதலில், தட்டு ஏன் அவ்வளவு சிறிதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நீளிசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடங்களைத்தான் நன்றாகத் தாங்கும். அதைவிட வலுவான காரணம் பணம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப்படி, படத்திற்காக வாசித்த இசையைத் தட்டாக விற்றால் வாசித்தவர்களுக்கு மீண்டும் ஊதியம் தர வேண்டும். உழைத்தவருக்குச் சேர வேண்டிய நியாயமான தொகைதான் அது. ஆனால் எண்பது, தொண்ணூறு பேர் அமர்ந்து வாசிக்கும் சிம்பொனி இசைக்குழுவுக்கு அத்தொகை பெரிது. சில ஆயிரம் தட்டுகள் விற்கும் சந்தை சிறிது. ஆகவேதான், 70 நிமிடத்திற்கு மேல் இடமுள்ள குறுந்தகடு வந்த பின்னரும், 1990களில்கூட அரை மணி நேர இசையோடு பல தகடுகள் வெளிவந்தன. லண்டனில் பதிவான இசைக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. ஒரு படைப்பு எவ்வளவு நீளமாக நம் கைக்கு வந்து சேரும் என்பதை அது எந்த ஊரில் வாசிக்கப்பட்டது என்பதும் முடிவு செய்தது.

1977இன் 'ஸ்டார் வார்ஸ்' இங்கே ஒரு விதிவிலக்கு. லண்டன் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு ஜான் வில்லியம்ஸ் அவ்வாண்டு மார்ச்சில் பதிவு செய்த இசை, ஏறக்குறைய 75 நிமிட இரட்டைத் தட்டாக வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மின்னணு ஒலிகளே விண்வெளியின் மொழி என்று பலர் கருதிய காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேர்ந்திசை மரபை அது மீட்டு வந்தது. ஆனால் வில்லியம்ஸ் அத்தட்டில் படத்தின் வரிசையைப் பின்பற்றவில்லை. ஒரு கச்சேரியை அமைப்பதுபோல, விரைவுக்குப் பின் நிதானம், ஆரவாரத்துக்குப் பின் அமைதி என்று பகுதிகளை மாற்றி அடுக்கினார். தனித்தனிப் பாடல்களை ஒரு தொகைநூலாக்குபவன் செய்யும் வேலைக்கு இது நிகரானது.

1997இல் அதே இசை 2 குறுந்தகடுகளில், படத்தில் ஒலிக்கும் வரிசையிலேயே வெளியிடப்பட்டது. இரட்டைச் சூரியன் மறையும் காட்சிக்கு வில்லியம்ஸ் முதலில் எழுதிய வேறொரு வடிவம் அதில் இடம்பெற்றது. ஜார்ஜ் லூகாஸ் கேட்டதற்கிணங்க அவர் அதை மாற்றி எழுதினார். இன்று உலகமே அறிந்த அந்தக் காட்சியின் இசை இரண்டாவது வரைவு. முதல் தகட்டின் கடைசியில், பட்டியலில் குறிப்பிடாமல், தொடக்க இசையை இசைக்குழு ஐந்து முறை வாசித்த பதிவும் ஒளிந்திருந்தது. கல்லில் செதுக்கியதுபோல நாம் நினைத்திருந்த ஒன்று, மூச்சு வாங்கி வாங்கி வாசித்துப் பார்த்த மனிதர்களின் வேலை என்பது அப்போதுதான் காதுக்குத் தெரிந்தது.

இந்த மாற்றத்திற்குப் பின்னால் சிலருடைய பிடிவாதம் இருக்கிறது. ஃபாக்ஸ் நிறுவனத்தின் பழைய இசைப்பதிவுகளை வெளிக்கொணர உழைத்தவர் நிக் ரெட்மன். 'ஸ்டார் வார்ஸ்' முப்படங்களின் இசையை 4 குறுந்தகடுகளாக 1993இல் தொகுத்தவர் அவர்தாம். 1951இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்திற்கு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசையின் அசல் பதிவும் அதே 1993இல்தான் முதன்முறையாக வெளிவந்தது. ஹெர்மன் 1975இலேயே இறந்துவிட்டார். லூகாஸ் கெண்டல் என்பவர் 1990இல் தம் பதின்வயதில் தொடங்கிய ஒரு செய்திமடல் 'ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி' என்ற இதழாக வளர்ந்தது. பின்னர் அதுவே குறுந்தகடுகளை வெளியிடும் நிறுவனமும் ஆயிற்று. இன்ட்ராடா, வரேஸ் சரபாண்ட், லா-லா லேண்ட் ஆகியவையும் பெருநிறுவனங்கள் அல்ல. சிறுபத்திரிகை நடத்துபவர்களின் மனநிலையோடு இயங்கியவை என்றே இவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. சங்கத்தோடு செய்துகொண்ட சிறப்பு உடன்பாடுகள் வழியே, 3,000 படிகள் போன்ற வரையறைக்குள் நீண்ட பதிப்புகளைக் கொண்டுவர இவர்களால் முடிந்தது.

வேலையின் தன்மையும் ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பதற்கு வெகு தொலைவில் இல்லை. படத்தின் ஒவ்வொரு இசைப்பகுதிக்கும் ஓர் எண் உண்டு. 3எம்2 என்றால் மூன்றாம் படச்சுருளின் இரண்டாவது இசை. பதிவுக்கூடத்தின் குறிப்பேட்டையும், இசையமைப்பாளரின் எழுத்துப்படியையும், ஒலிநாடாப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டு எது எங்கே சேரும் என்று கண்டறிய வேண்டும். ஒரே பகுதியின் தொடக்கம் நான்காம் வாசிப்பிலிருந்தும் முடிவு ஏழாம் வாசிப்பிலிருந்தும் வெட்டி ஒட்டப்பட்டிருக்கலாம். நாடாக்களோ சிதைந்துகொண்டே வருகின்றன. பழைய காந்தப் படச்சுருள்கள் காடி நாற்றத்தோடு சுருங்கும். எழுபதுகளின் நாடாக்கள் சிலவற்றில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரம் போக்கிய பிறகே அவற்றை ஓட்ட முடியும். கறையான் அங்கில்லை என்பதுதான் வேறுபாடு.

இனி 'ஸ்டார் ட்ரெக்' விரிந்த கதைக்கு வருவோம். 1979 இலையுதிர் காலத்தில் கோல்ட்ஸ்மித் பதிவு செய்த முதற்பகுதிகளைக் கேட்ட இயக்குநர் ராபர்ட் வைஸ், அவற்றில் மனத்தில் நிற்கும் ஒரு மையக் கருப்பொருள் இல்லை என்று கருதினார். அவை கடற்பயணத்தை நினைவூட்டும் அகன்ற, அழகான இசைதான். ஆனால் கப்பலுக்கென்று ஓர் அடையாளம் அவற்றில் இல்லை. கோல்ட்ஸ்மித் மறுபடி எழுதினார். அப்படிப் பிறந்த அணிநடை மெட்டுதான் 1987இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையாகவும் உலகெங்கும் ஒலித்தது. 2012 தொகுப்பில் கைவிடப்பட்ட வடிவமும் நிலைபெற்ற வடிவமும் இரண்டும் உண்டு. அடுத்தடுத்துக் கேட்கும்போது, ஒரு மறுப்பை எதிர்கொண்ட கலைஞன் என்ன செய்தான் என்பதற்குக் காதால் கேட்கும் சான்று கிடைக்கிறது. முதல் வடிவம் தோல்வியன்று. இரண்டாவது வடிவம் அதைவிட உயர்ந்தது என்பதை ஒப்பிட்டால்தான் உணர முடியும்.

எல்லா மறுப்புகளும் இப்படி நன்மையில் முடியவில்லை. அதே ஆண்டு வந்த 'ஏலியன்' படத்திற்கு கோல்ட்ஸ்மித் எழுதியதை இயக்குநர் ரிட்லி ஸ்காட்டும் படத்தொகுப்பாளர் டெர்ரி ராலிங்ஸும் துண்டு துண்டாக இடம் மாற்றினர். சில இடங்களில் 1962இன் 'ஃபிராய்ட்' படத்துக்கு கோல்ட்ஸ்மித்தே அமைத்திருந்த பழைய இசை வந்து உட்கார்ந்தது. இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலுக்கு ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனி. ஆனால் 1979இன் இசைத்தட்டில் கோல்ட்ஸ்மித் தாம் எண்ணியபடியே இசையை வைத்திருந்தார். திரையில் ஒரு பாடம், தட்டில் வேறொரு பாடம். இன்ட்ராடா 2007இல் வெளியிட்ட 2 குறுந்தகடுகள் இதற்கு ஒரு பண்பட்ட பதிப்பாசிரியனின் தீர்வைக் கண்டன: இசையமைப்பாளர் எண்ணிய முழு இசை, இயக்குநருக்காக மாற்றி எழுதியவை, பழைய தட்டின் வடிவம் ஆகிய மூன்றும் தனித்தனியே வைக்கப்பட்டன. ஒன்றை மூலம் என்று அறிவித்து மற்றவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கவில்லை.

இந்த வரலாற்றின் மிகத் துயரமான பக்கம் அலெக்ஸ் நார்த்துடையது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்திற்காக, அவர் 1968 ஜனவரியில் லண்டனில் 40 நிமிடத்துக்கு மேற்பட்ட இசையைப் பதிவு செய்தார். உடல்நலம் குன்றிப் பதிவுக்கூடத்திற்கு ஆம்புலன்ஸில் வந்தார். நண்பர் ஹென்றி பிராண்ட் இசைக்குழுவை நடத்தினார். ஸ்டான்லி குப்ரிக் அதில் ஒரு துளியையும் பயன்படுத்தவில்லை. தற்காலிகமாக வைத்திருந்த ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் இசையையே நிலைப்படுத்திவிட்டார். நியூயார்க்கில் படத்தைப் பார்த்தபோதுதான் நார்த்துக்கு இது தெரியவந்தது. அந்த இசையின் சில கூறுகளை அவர் 1981இல் 'டிராகன்ஸ்லேயர்' படத்தில் எடுத்தாண்டார். 1991இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய நண்பர் கோல்ட்ஸ்மித் அந்த இசையைப் புதிதாக வாசிக்கச் செய்து வெளியிட்டார். 1968இன் அசல் ஒற்றைத்தட ஒலிப்பதிவு 2007இல் வந்தது. குப்ரிக்கின் தேர்வு பிழையென்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. அந்தப் படத்தை ஸ்ட்ராஸ் இன்றி நினைப்பது கடினம். ஆனால் ஒரு மனிதன் செய்த வேலை, செய்யப்பட்டது என்ற அளவிலாவது உலகின் கணக்கில் ஏறியது.

விரிந்த பதிப்புகளை ஏற்காதவர்களின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். இசையமைப்பாளரே தேர்ந்து தொடுத்த 40 நிமிடம் ஒரு படைப்பு. கதவு திறக்கும் காட்சிக்கான பன்னிரண்டு விநாடியும் சேர்ந்த 2 மணி நேரம் ஓர் ஆவணம் என்பர். இதில் உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்பது எப்போதும் நன்றாகக் கேட்பதாகாது. படைத்தவன் வேண்டாமென்று ஒதுக்கிய வரைவை அவன் இறந்தபின் அச்சேற்றலாமா என்ற கேள்வியும் இங்கே அப்படியே பொருந்துகிறது.

எனினும் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். கவிஞன் கிழித்தெறிந்தது அவனுடைய முடிவு. திரையிசையில் ஒதுக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதியை ஒதுக்கியவர்கள் வேறு பலர்: இயக்குநர், தொகுப்பாளர், தட்டின் நீளம், சங்கக் கட்டணம். அவர்கள் முடிவை மாற்ற வேண்டியதில்லை. அதற்கு வெளியே என்ன இருந்தது என்று அறிய உரிமையுண்டு. நல்ல பதிப்புகள் பழைய தட்டையும் முழு இசையையும் அருகருகே வைப்பது இதனால்தான். பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியன், வாசகனின் அறிவை மதிக்கிறான்.

எஞ்சியிருக்கும் கவலை வேறு. 3,000 படிகள் விற்றுத் தீர்ந்தபின், அப்பதிப்புகளுட் பல பழைய பொருள் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போயின. மீட்கப்பட்ட இசை மீண்டும் சிலருடைய அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தால், சுவடி ஒரு பரணிலிருந்து இன்னொரு பரணுக்கு மாறியது என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?