டைக்கரும் கேளையாடும்: சிறு விலங்கு வேட்டையின் சொல் வரலாறு

மட்டாஞ்சேரி அரண்மனையை இன்றும் பலர் ‘டச்சு அரண்மனை’ என்றே அழைக்கின்றனர். அதைக் கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கொச்சி அரசர் வீரகேரளவர்மருக்கு அவர்கள் அளித்த கட்டடம் அது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதைப் பழுதுபார்த்தனர். பெயர் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்சி மாறும்போது பெயர் இடம்மாறுவது கட்டடங்களுக்கு மட்டும் நேர்வதன்று. அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் மற்றொரு குடியிருப்பில் அது காட்டு விலங்குகளுக்கும் நேர்ந்தது. அவற்றுள் சிறிய இரலைகளின் பெயர்கள், வேட்டையின் வரலாற்றைப் படிக்க நல்ல சான்றுகள்.

1652இல் கும்பினி நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தது. கொச்சிக்கும் அம்முனைக்கும் இடையே கப்பல்கள் மட்டுமன்றி அதிகாரிகளும் பயணித்தனர். மலபாரின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த ஹென்ரிக் வான் ரீடு, 1685இல் கும்பினியின் ஆணையராக முனைக்குச் சென்றார். அவர் கொச்சியிலிருந்து தொடங்கிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும் கொங்கணி அறிஞர் மூவரும் உதவிய அந்நூலில், செடிகளின் உள்ளூர்ப் பெயர்கள் உள்ளூர் எழுத்துகளிலேயே பொறிக்கப்பட்டன. முனையின் விலங்குகளுக்கு அப்படியொரு பேறு வாய்க்கவில்லை. கொய்கொய், சான் மக்கள் வழங்கிய பெயர்களுள் ‘குவாகா’ போன்ற சில மட்டுமே எஞ்சின. பெரும்பாலானவற்றின் இடத்தில் ஒல்லாந்தச் சொற்கள் அமர்ந்தன.

அச்சொற்களை இட்டவர்கள் துப்பாக்கியும் பசியும் உடைய குடியேறிகள். ஆகவே அவை வேட்டைக்காரனின் கண் கண்டவற்றைச் சொல்கின்றன. ‘டைக்கர்’ என்றால் முங்குபவன். ஆளைக் கண்டதும் தலையைத் தாழ்த்திப் புதருக்குள் பாய்ந்து மறையும் விலங்கு. ‘கிளிப்ஸ்பிரிங்கர்’ என்றால் பாறைதாவி. குளம்பின் நுனியில் நின்று செங்குத்துப் பாறையில் ஏறுவது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ‘டிக்-டிக்’ அதன் எச்சரிக்கை ஒலியே பெயரானது. ‘ஸ்டீன்பாக்’ என்பது மட்டும் வேறு வகை: ஐரோப்பிய மலைகளில் வாழும் ஐபெக்ஸ் என்னும் காட்டாட்டின் ஒல்லாந்தப் பெயர் அது. அதனோடு நெருங்கிய உறவில்லாத ஒரு சிறிய புல்வெளி இரலைக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது.

மான்கள் ஆண்டுதோறும் கொம்பை உதிர்ப்பவை. இரலைகளின் கொம்பு உதிராது. ஆனால் இச்சிற்றிரலைகளை வேட்டையாடுவோர்க்கு அந்த வேறுபாட்டைவிட அளவுதான் முதன்மையான சிக்கல். டிக்-டிக் முழங்கால் உயரமே இருக்கும். எடையும் சில கிலோதான். டைக்கர் புதரிலிருந்து வெளிப்படுவதும் மறைவதும் ஒரே நொடியில் நிகழும். ஸ்டீன்பாக் புல்லில் படுத்துக்கிடந்து, ஆள் மிக அருகே வந்த பிறகே எழுந்து வளைந்து வளைந்து ஓடும். டிக்-டிக்கிலும் ஸ்டீன்பாக்கிலும் பெட்டைக்குக் கொம்பில்லை. கொம்போ விரல் நீளம். எனவே ஆணா பெண்ணா என்று அந்த ஓரிரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். யானையை வேட்டையாடுபவனுக்கு அச்சம் துணை நிற்கும். இங்கே கவனம் ஒன்றே கைம்முதல். இவ்வேட்டையின் ஈர்ப்பாகச் சொல்லப்படுவதும் இதுவே.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இத்தகைய சொற்கள் உண்டு. சுமார் மூன்று கிலோ எடையுள்ள, கொம்பே இல்லாத விலங்கைத் தமிழ் ‘சருகுமான்’ என்கிறது. உதிர்ந்த இலைகளுக்கிடையே அது அசையாது நின்றால் இலை எது, உடல் எது என்று தெரியாது. உயிரியல்படி அது மானுமன்று, இரலையுமன்று, தனிக் குடும்பம். குரைப்பது போல் ஒலிக்கும் சிறு மானைத் தமிழ் ‘கேளையாடு’ என்றும், மலையாளம் ‘கேழமான்’ என்றும் வழங்குகின்றன. மலையாளத்தில் ‘கேழுக’ என்னும் வினை அழுது புலம்புதலைக் குறிக்கும். அந்த விலங்கின் குரலைக் கேட்டவர்க்கு இரு சொற்களும் அருகருகே நிற்பது வியப்பளிக்காது. ‘ஆடு’ என்னும் ஈறும் கவனிக்கத்தக்கது. ஒல்லாந்தச் சொற்களின் ‘பாக்’ என்னும் ஈறும் ஆட்டுக்கடாவைக் குறிப்பதே. வீட்டில் அறிந்த விலங்கைக் கொண்டு காட்டில் கண்டதை அளப்பது இரு கரைக்கும் பொதுவான வழக்கம்.

இவ்விலங்குகளைப் பிடிக்கும் முறையிலும் இரு கரைகளும் ஒத்திருந்தன. சிறிய விலங்கைத் தனி ஒருவன் துரத்திப் பிடிப்பது அரிது. பலர் கூடி, நாய்களைக் கொண்டு கலைத்து, வலையை நோக்கி ஓட்டுவது எளிது. வேலியோரம் வலை கட்டி நாய்களுடன் குறுமுயலை வளைக்கும் எயினரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. மலையாளத்தில் வேட்டைக்கு வழங்கும் ‘நாயாட்டு’ என்னும் சொல்லிலேயே நாய் நிற்கிறது. காங்கோவின் இட்டூரி காட்டில் வாழும் ம்புட்டி மக்கள் நீண்ட வலைகளை அரைவட்டமாகக் கட்டி, பெண்களும் சிறுவரும் ஒலியெழுப்பி விலங்குகளை விரட்ட, டைக்கர்களைப் பிடிப்பர். இறைச்சி அனைவருக்கும் பங்கிடப்படும். டைக்கர் முங்கும் என்பதை அறிந்தவர்கள், அது முங்கும் இடத்தில் வலையை வைத்தார்கள். பெயரில் உள்ள அறிவும் கருவியில் உள்ள அறிவும் ஒன்றே.

ஐரோப்பியக் கனவான்களின் ‘ஸ்போர்ட்’ இதற்கு மாறான விதியை வகுத்தது. தனியாள், துப்பாக்கி, பதுங்கி நெருங்குதல், ஆண் விலங்கு மட்டும் என்பன அதன் ஒழுக்கம். 1892இல் லண்டனில் ரோலண்டு வார்டு வெளியிடத் தொடங்கிய பதிவேடு, கொம்பை அங்குலத்தால் அளந்து வரிசைப்படுத்தியது. சிற்றிரலைக்கு அரை அங்குலமே பெரும் வேறுபாடு. இவ்வாறு, வலையால் எளிதாகத் தீரக்கூடிய சிக்கலைத் துப்பாக்கிக்காரன் தனக்குத் தானே அரிதாக்கிக்கொண்டு, அந்த அருமையையே பெருமையாகக் கொண்டான். விளையாட்டு என்பதன் இயல்பே அது; அதில் தவறில்லை. ஆனால் அவ்விளையாட்டின் விதி பிறர்க்கும் சட்டமானபோது நிலைமை மாறியது.

1795இல் கொச்சியும் நன்னம்பிக்கை முனையும் ஒரே ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. அதன்பின் நீலகிரியில் 1877இல் வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் விலங்குப் பட்டியலில் ‘ஐபெக்ஸ்’ இருக்கிறது. ‘ஜங்கிள் ஷீப்’ இருக்கிறது. முன்னது வரையாடு. பின்னது சென்னை மாகாண வேட்டைக்காரர்கள் கேளையாட்டுக்கு வழங்கிய பெயர். முனையில் ஒல்லாந்தர் ஐபெக்ஸின் பெயரைச் சிற்றிரலைக்குத் தந்தது போல, நீலகிரியில் ஆங்கிலேயர் அதே விலங்கின் பெயரை வரையாட்டுக்குத் தந்தனர். இங்கோ அது சட்டச் சொல்லாகவும் ஆயிற்று. வேட்டைக்கு மூடுகாலமும் உரிமச்சீட்டும் வந்தன. 1900இல் ஆப்பிரிக்க விலங்குகளுக்காக லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை, வலையையும் படுகுழியையும் இயன்றவரை கட்டுப்படுத்தச் சொன்னது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்கு இடம் விட்டது. விலங்கை நன்கறிந்து பெயரிட்டவர்கள், தம் கருவியாலேயே திருட்டு வேட்டைக்காரர் ஆனார்கள்.

இதனால் அச்சட்டங்கள் அனைத்தும் தீங்கு என்று முடிவு கட்டுவது சரியன்று. வரையாடு இன்று எஞ்சியிருப்பதில் நீலகிரிக் கட்டுப்பாடுகளுக்கும் பங்குண்டு. 1972ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சருகுமானையும், முதுமலை போன்ற வறண்ட காடுகளில் வாழும் நாற்கொம்பு இரலையையும் முதல் அட்டவணையில் வைத்தது. இன்று மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் சந்தைக்காக வைக்கப்படும் கம்பிச் சுருக்கு, ஆண் பெண் குட்டி என்று பாராமல் டைக்கர்களைக் கொல்கிறது. அதை ம்புட்டி வலையோடு ஒப்பிட முடியாது. மறுபுறம், தென்னாப்பிரிக்க வேட்டைத் தொழில் சிற்றிரலைகளைச் ‘சின்னஞ்சிறு பத்து’ என்று தொகுத்து, பத்தையும் சுடுவதை ஒரு நிறைவாக விற்கிறது.

வேட்டை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புலியையும் யானையையும் தேடுகின்றனர். அரச ஆவணங்களும் அவற்றைப் பற்றியே மிகுதியாகப் பேசும். சிறிய விலங்குகளின் வேட்டை அன்றாட உணவைச் சார்ந்தது. அதனால் ஆவணத்தில் அருகியும் சொல்லில் மிகுந்தும் கிடக்கிறது. சருகுமான், கேளையாடு, டைக்கர் என்னும் பெயர்கள், அவற்றை வழங்கியோர் காட்டை எவ்வளவு உற்றுநோக்கினர் என்பதற்கு எஞ்சியுள்ள சான்றுகள். அச்சொற்களைக் காடர், இருளர், குறும்பர் முதலியோரின் வழக்கிலிருந்து முறையாகத் தொகுப்பது அகராதிப் பணி மட்டுமன்று. யாருடைய அறிவு ‘கலை’ என்றும் யாருடைய அறிவு ‘குற்றம்’ என்றும் பதிவாயிற்று என்பதை மறுபடி கணக்கிடும் வரலாற்றுப் பணியும் அதுவே.